ஊசி குத்தினால் வலி குறையுமா?



அழகர்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? பதினெட்டாம்படி கருப்பணசாமி சன்னதிப் பக்கம் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும். காது குத்துகிற ஆசாரி காதுமடலில் புள்ளி வைத்துத் தயாராக இருப்பார். எதிரே அத்தை பலூனை ஆட்டுவார். சித்தி வாயில் வெல்லத்தை வைப்பார். பிள்ளை பலூனைப் பார்க்கிற அந்த நேரத்தில் ஆசாரி ஒரு காதை முடித்துவிடுவார். லேசாகச் சிணுங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் இரண்டாவது காதுக்கு ஆசாரியின் கை வரும்போதே கோவில் முழுக்கக் கேட்கும்படி அழுகை தொடங்கிவிடும்.

காது இரண்டும் ஒரே பிள்ளையுடையது. குத்துகிற கையும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒரு பக்கம் வலி குறைவாகவும் மறுபக்கம் அதிகமாகவும் இருக்கிறது?

இன்னொரு கேள்வி. மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் போகும்போது ‘அக்குபங்சர் சிகிச்சை’ என்ற பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். கழுத்துவலி, முழங்கால்வலி, தலைவலி என்று பெரியவர்கள் அங்கே போகிறார்கள். மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தி, கொஞ்ச நேரம் படுக்கவைத்து, எடுத்துவிடுகிறார்கள். “ஊசி குத்தினா வலிக்கத்தானே செய்யும்? வலியைக் குறைக்க யாராவது ஊசி குத்துவாங்களா?” என்று நீங்கள் கேட்டால் அது நல்ல கேள்வி.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட வேண்டிய இடம் ஒன்றுதான். அது நம் நரம்புகளும் மூளையும்.

வலி எங்கே இருக்கிறது?

காலில் முள் குத்தினால் கால் வலிக்கிறது என்கிறோம். முள் குத்தியது காலில்தான். ஆனால் ‘வலி’ என்று உணர்வது மூளை. தோலிலும் தசையிலும் மூட்டிலும் வலியை அறிகிற நரம்பு முனைகள் பரவிக் கிடக்கின்றன. குத்தினாலோ, சுட்டாலோ, நசுங்கினாலோ அவை மின்துடிப்புகளை அனுப்புகின்றன. அந்தச் செய்தி முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது.

எல்லா நரம்பிழைகளும் ஒரே வேகத்தில் செய்தி கொண்டுபோவதில்லை. தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த இழைகள் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்தும். ‘சுரீர்’ என்ற கூர்மையான வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். விண்விண்ணென்று தெறிக்கிற வலியைக் கொண்டுபோகும் மிக மெல்லிய இழைகளின் வேகமோ நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு.

வாசற்படியில் கால் பெருவிரலை இடித்துக்கொண்ட நாளை நினைத்துப் பாருங்கள். இடித்தது அந்தக் கணமே தெரியும். உடனே ஒரு ‘சுரீர்’. சரி, அவ்வளவுதான் என்று நினைக்கும்போது பின்னாலேயே இன்னொரு வலி மெல்லப் பரவிக்கொண்டு வரும். மெதுவான இழைகளில் கிளம்பிய செய்தி பெருவிரலிலிருந்து தண்டுவடத்தை எட்டவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடுகிறது. இடித்தது ஒரு தடவை, வலி வருவது இரண்டு தடவை என்பதற்குக் காரணம் இதுதான்.

தண்டுவடத்தில் ஒரு கதவு

இடித்துக்கொண்டதும் நாம் என்ன செய்கிறோம்? யாரும் சொல்லித்தராமலே அந்த இடத்தைத் தேய்க்கிறோம். அம்மாவும் “ஒண்ணுமில்லடா” என்று தேய்த்துவிடுவார். வலி கொஞ்சம் அடங்கும். ஏன்?

1965-ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு அறிவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்திகளை மேலே விடுகிற ஒரு ‘கதவு’ இருக்கிறது என்றார்கள். அது நரம்பு செல்கள் சேர்ந்து செய்கிற வேலை. நீங்கள் தேய்க்கும்போது தொடு உணர்வுச் செய்திகள் வேகமாக வந்து சேர்ந்து அந்தக் கதவைப் பாதி மூடிவிடுகின்றன. அதனால் மூளைக்குப் போகிற வலிச் செய்தி குறைகிறது. பிற்கால ஆய்வுகள் இந்த விளக்கத்தில் பல திருத்தங்களைச் செய்தன. ஆனாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது: வலியைக் கூட்டவும் குறைக்கவும் நம் உடம்பிலேயே ஏற்பாடு இருக்கிறது.

அந்தக் கதவுக்கு மேலிருந்தும் உத்தரவு வரும். உத்தரவு போடுவது மூளை. கவனம் வேறு பக்கம் இருந்தால் மூளை வலியைக் குறைத்துக் காட்டும். பயந்துகொண்டே எதிர்பார்த்தால் கூட்டிக் காட்டும். அழகர்கோவில் பிள்ளையின் கதை இப்போது புரிகிறதல்லவா? முதல் காது குத்தும்போது கவனம் பலூனில் இருந்தது. இரண்டாவது காதுக்கு வருவதற்குள் பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிட்டது!

சித்தி வாயில் வைத்த வெல்லத்துக்கும் காரணம் உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்கு ஊசி போடும் முன் நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விட்டால் அழுகை குறைகிறது என்று மருத்துவமனை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அந்த ஊசி எப்படி இருக்கும்?

இனி அக்குபங்சர் ஊசியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற ஊசி உள்ளே குழலாக இருக்கும். அதன் முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். தடிமன் சுமார் 0.6 மில்லிமீட்டர். அக்குபங்சர் ஊசி அப்படியில்லை. அது உள்ளே துளையில்லாத, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். முனை வெட்டப்படாமல் கூம்பாக இருக்கும். அதனால் தசையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு உள்ளே போகும். பிடித்துத் திருகுவதற்கு மேல் முனையில் மெல்லிய கம்பி சுற்றிய கைப்பிடி இருக்கும். ஊசியில் எந்த மருந்தும் கிடையாது.

குத்தும்போது எறும்பு கடித்த அளவுக்கு ஒரு சுருக். ஊசியைத் திருகும்போது அந்த இடத்தில் ஒரு பாரமும் மதமதப்பும் தோன்றும் என்று சிகிச்சை எடுத்தவர்கள் சொல்கிறார்கள். 20 அல்லது 30 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு எடுத்துவிடுவார்கள்.

முக்கியமான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற எந்த ஊசியையும் எடுத்து உங்கள் மேலோ தம்பி மேலோ குத்திப் பார்க்கவே கூடாது. கிருமி உள்ளே போகும். நெஞ்சுப் பக்கம் ஆழமாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்தும் உண்டு.

வெண்கல மனிதன்

இந்த மருத்துவம் பிறந்த இடம் சீனா. 1968-இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறையைத் திறந்தார்கள். அவர் கி.மு. 113-இல் இறந்தவர். ஜேட் கற்களைத் தங்கக் கம்பியால் தைத்துச் செய்த உடையை அவர் உடலுக்கு அணிவித்திருந்தார்கள். அந்தக் கல்லறையில் தங்கத்தாலும் வெள்ளியாலும் செய்த மருத்துவ ஊசிகளும் கிடைத்தன.

உடம்பில் ‘சி’ என்ற உயிர்ச்சக்தி ஓடுகிறது, அது ஓடுவதற்கு 12 முக்கியப் பாதைகள் இருக்கின்றன, பாதை அடைபட்டால் நோய் வருகிறது என்று பழைய சீன மருத்துவர்கள் நம்பினார்கள். அந்தப் பாதைகளின் மேல் ஊசி குத்தவேண்டிய புள்ளிகளையும் குறித்து வைத்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 361 புள்ளிகள் இருக்கின்றன.

இத்தனை புள்ளிகளையும் மாணவர்கள் எப்படி மனப்பாடம் செய்தார்கள்? வாங் வெய்யி என்ற அரண்மனை மருத்துவர் அருமையான ஒரு வழி கண்டுபிடித்தார். 1027-ஆம் ஆண்டில் ஆள் உயரத்துக்கு இரண்டு வெண்கல மனிதர்களை வார்க்கச் செய்தார். உடம்பு முழுக்கப் புள்ளி இருக்கிற இடங்களில் சின்னச் சின்னத் துளைகள். பரீட்சை அன்று சிலையின் மேல் மெழுகைப் பூசித் துளைகளை மறைத்துவிடுவார்கள். உள்ளே தண்ணீரை நிரப்பிவிடுவார்கள். மாணவர் சரியான இடத்தில் ஊசி குத்தினால் தண்ணீர் பீறிட்டு வரும். தப்பான இடத்தில் குத்தினால் ஊசி வெண்கலத்தில் முட்டி நிற்கும். அந்தக் காலத்திலேயே செய்முறைத் தேர்வு!

பிற்காலத்தில் உடற்கூற்று அறிஞர்கள் மனித உடலை அறுத்து, நுண்ணோக்கி வைத்துத் தேடினார்கள். நரம்பு, ரத்தக்குழாய், தசை, தசைநாண் எல்லாம் கிடைத்தன. ‘சி’ ஓடுவதற்கென்று தனிக்குழாய் எதுவும் கிடைக்கவில்லை. நரம்பில் மின்துடிப்பு ஓடுகிறது என்பதை அறியும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், தங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பழைய சீன மருத்துவர்கள் விளக்கம் சொன்னார்கள். விளக்கம் தப்பாக இருப்பதாலேயே சிகிச்சையும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சை பழையது என்பதாலேயே சரி என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

அது ஒரு வீரக் கதை. 1938-இல் சீனாவின் மேல் ஜப்பான் போர் தொடுத்திருந்தது. காயம்பட்ட சீன மக்களுக்கு உதவ இந்திய தேசிய காங்கிரஸ் 5 மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ். போர்முனையில் இரவு பகலாக அறுவை சிகிச்சை செய்து, 1942-இல் தம் 32-ஆம் வயதில் அங்கேயே உயிர்விட்டார். சீனாவில் இன்றும் அவருக்குச் சிலைகள் இருக்கின்றன.

அதே குழுவில் இருந்த இன்னொருவர் வங்காளத்தைச் சேர்ந்த பிஜய் குமார் பாசு. அவர் ஊர் திரும்பினார். 1950-களின் கடைசியில் மறுபடி சீனாவுக்குப் போய் அக்குபங்சரை முறையாகக் கற்றுக்கொண்டு வந்து கொல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். இந்தியாவில் இந்த மருத்துவம் பரவ அவர்தான் வழிபோட்டார்.

தமிழ்நாட்டில் இதைக் கல்லூரியில் படிக்கிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதில் அக்குபங்சரும் ஒரு பாடம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது.

“நம்ம ஊர் வர்மமும் இதுவும் ஒண்ணா?” என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. வர்மம் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வளர்ந்த கலை. அடிமுறை என்ற தற்காப்புப் பயிற்சியோடும் சித்த மருத்துவத்தோடும் சேர்ந்தது. அதில் 108 வர்மப் புள்ளிகளைச் சொல்வார்கள்: 12 படுவர்மம், 96 தொடுவர்மம். விரலால் அழுத்தியும் தடவியும் சிகிச்சை செய்வார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் வர்மம் கற்பிக்கப்படுகிறது. சீனர்களும் நம்மவர்களும் உடம்பைத் தொட்டும் அழுத்தியும் வலியைக் குறைக்கத் தேடியிருக்கிறார்கள்.

மூளை தயாரிக்கும் மருந்து

1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பெய்ஜிங் போயிருந்தார். அங்கே அவருக்குக் குடல்வால் அழற்சி வந்துவிட்டது. வழக்கமான மரப்பு ஊசி போட்டு, அறுவை சிகிச்சை செய்து குடல்வாலை எடுத்தார்கள். அதன்பிறகு வயிறு உப்பி வலித்தபோது, வலது முழங்கையிலும் இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று ஊசிகள் குத்தினார்கள். வயிறு லேசானது என்று அவர் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதினார். உலகமே அக்குபங்சரைத் திரும்பிப் பார்த்தது. ‘ஊசி குத்தியே ஆபரேஷன் செய்தார்கள்’ என்று இந்தக் கதையைச் சிலர் மாற்றிச் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆபரேஷனுக்கு மரப்பு மருந்துதான். ஊசி பிற்பாடு வந்த உபாதைக்கு.

அப்போது அறிவியலாளர்களுக்கு ஒரு கேள்வி வந்தது. ஊசி குத்தினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் மூளையிலேயே சுரக்கிற ஒரு வலிநீக்கியைக் கண்டுபிடித்தார்கள். அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் எந்த இடத்தில் போய் ஒட்டி வலியைக் குறைக்கிறதோ, அதே இடத்தில் இதுவும் ஒட்டியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் எண்டார்ஃபின்கள்.

இங்கேதான் அழகான ஒரு சோதனை வருகிறது. நாலாக்சோன் என்று ஒரு மருந்து உண்டு. மார்ஃபினும் எண்டார்ஃபினும் ஒட்டும் இடத்தை அது போய் அடைத்துக்கொள்ளும். ‘ஊசி குத்தியதால் எண்டார்ஃபின் சுரந்துதான் வலி குறைகிறது என்றால், நாலாக்சோன் கொடுத்ததும் அந்தப் பலன் மறைய வேண்டும்’ என்று கணக்குப் போட்டார்கள். கனடாவின் டொரன்டோவில் புரூஸ் பொமரான்ஸ் 1976-இல் எலிகளிடம் சோதித்தார். பலன் மறைந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மனிதர்களின் பல்வலியில் சோதித்தார்கள். அங்கேயும் அப்படியே நடந்தது. ஊசி உடம்பின் சொந்த வலிநீக்கியைத் தூண்டுகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

நியாயமான சோதனை: மதுரையே காட்டிய வழி

வலி குறைவது ஊசியாலா, ‘குறையும்’ என்ற நம்பிக்கையாலா? இதை எப்படிப் பிரித்தறிவது? அதற்கு மருத்துவ உலகம் ஒரு முறை வைத்திருக்கிறது. அந்த முறையில் உலகமே பேசிய ஒரு சோதனை மதுரையில் நடந்தது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பக்கத்து வயல்களில் வேலை செய்கிறவர்களின் கண்ணில் நெல்தாளோ கரும்புச் சோகையோ பட்டுவிட்டால், கருவிழியில் பூஞ்சைப் புண் வரும். கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடும். அதற்கு நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்தும், வோரிகோனசோல் என்ற புதிய மருந்தும் இருந்தன. புதியதுதான் மேல் என்று பல கண் மருத்துவர்கள் எதிர்பார்த்தார்கள்.

2010, 2011-ஆம் ஆண்டுகளில் மதுரை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல்போலத் தற்செயலாக முடிவு செய்தார்கள். தனக்கு விடுவது எது என்று நோயாளிக்குத் தெரியாது. பலனை அளக்கிற மருத்துவருக்கும் தெரியாது. பிறகு பிரித்துப் பார்த்தார்கள். ஜெயித்தது பழைய நாட்டாமைசின்! கெட்டிக்காரர்களின் எதிர்பார்ப்பும் தப்பாகலாம் என்பதால்தான் இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே பாத்திரத்தில் எலுமிச்சை ஜூஸ் கலக்குங்கள். இரண்டு டம்ளர்களில் ஊற்றுங்கள். “இது வீட்டில் போட்டது, இது பெரிய கடையில் வாங்கியது” என்று சொல்லி நண்பர்களிடம் கொடுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உண்மையைச் சொல்லிவிடுங்கள். எதிர்பார்ப்பு நாக்கையே எப்படி மாற்றுகிறது என்று தெரியும். மருந்தில்லாத மாத்திரையைக்கூட ‘மருந்து’ என்று நம்பிச் சாப்பிட்டால் சிலருக்கு வலி குறைவது இதனால்தான்.

பொய் ஊசி

மாத்திரை என்றால் சர்க்கரை மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம். ஊசிக்கு என்ன செய்வது? குத்தினால் தெரிந்துவிடுமே!

1998-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஸ்ட்ரைட்பெர்கர் என்ற மருத்துவர் ஒரு பொய் ஊசியை அறிமுகப்படுத்தினார். முனை மழுங்கியது. அழுத்தினால் ஊசி கைப்பிடிக்குள்ளேயே போய்விடும், நாடகத்தில் வரும் கத்தி மாதிரி. படுத்திருப்பவருக்குத் தோலில் சுருக்கென்று இருக்கும். ஊசி உள்ளே போனதாகவே நினைத்துக்கொள்வார். இன்னொரு வழி, புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது.

இந்த இரண்டாவது வழியில் ஜெர்மனியில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பல ஆண்டுகளாக இடுப்புவலியால் கஷ்டப்பட்ட 1,162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சரியான புள்ளிகளில் ஊசி. இரண்டாவது குழுவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமான ஊசி. மூன்றாவது குழுவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை. 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் நூற்றுக்குச் சுமார் 48 பேருக்கு நல்ல பலன். இரண்டாவது குழுவில் சுமார் 44 பேருக்கு. மூன்றாவது குழுவில் சுமார் 27 பேருக்கு.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பாருங்கள். ஊசி குத்திக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் எந்த இடத்தில் குத்தினார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மெழுகு பூசிய வெண்கல மனிதனிடம் அவ்வளவு பாடுபட்டுப் படித்த புள்ளிகள் இடுப்புவலிக்கு அவ்வளவு முக்கியமில்லை என்றாகிறது. ஊசியின் சுருக், அமைதியாகப் படுத்திருக்கும் அரைமணி நேரம், அக்கறையாகப் பேசுகிற மருத்துவர், குணமாகும் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கலாம்.

அதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. 2021-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் சியூஃபு மா என்பவரின் குழு எலிகளிடம் ஒரு ஆய்வு செய்தது. பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே ஊசி வைத்து லேசான மின்சாரம் பாய்ச்சினார்கள். உடம்பின் அழற்சி குறைந்தது. வயிற்றுப் பக்கம் அதே அளவு மின்சாரம் கொடுத்தபோது அது நடக்கவில்லை. காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையைத் தூண்டும் குறிப்பிட்ட வகை நரம்பிழைகள் காலின் ஆழமான திசுக்களில் நிறைய இருக்கின்றன, வயிற்றுப் பக்கம் மிகக் குறைவு. அப்படியானால் சில வேலைகளுக்கு இடம் முக்கியம்தான். ஆனால் அதை முடிவு செய்வது நரம்பு.

இடத்துக்கு இடம் நரம்பு முனைகளின் அடர்த்தி மாறுவதை நீங்களே அளக்கலாம். ஒரு பேப்பர் கிளிப்பை ‘ப’ வடிவில் வளைத்து, இரண்டு முனைகளையும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். நண்பரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியில் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் படும்படி மெதுவாகத் தொடுங்கள். “ரெண்டு” என்று சொல்வார். அதே இடைவெளியில் முன்கையில் தொடுங்கள். “ஒண்ணு” என்பார்! இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எப்போது “ரெண்டு” என்கிறார் என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு விரல் நுனியில் இது 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். முன்கையில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்.

கொடைக்கானல் பஸ்ஸும் மணிக்கட்டும்

மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டும்வரை எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். மலைப்பாதை வளைவுகள் தொடங்கியதும் ஒவ்வொருவராக அமைதியாகிவிடுவார்கள். பிறகு கவர் தேடுவார்கள்! உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்கள் “உடம்பு ஆடுகிறது, வளைகிறது” என்கின்றன. பஸ்ஸுக்குள்ளேயே, அதுவும் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ “எதுவும் அசையவில்லை” என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்பும்போது குமட்டல் வருகிறது.

அதற்குப் பெரியவர்கள் கையில் எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். சிலர் மணிக்கட்டில் ஒரு புள்ளியை அழுத்தச் சொல்வார்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் முழங்கை நோக்கித் தள்ளிப் பாருங்கள். கையை லேசாக மடக்கினால் இரண்டு தசைநாண்கள் புடைத்துத் தெரியும். அவற்றுக்கு நடுவில்தான் அந்தப் புள்ளி. அடியில் ஒரு பெரிய நரம்பு ஓடுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலும் வாந்தியும் இந்த இடத்தைத் தூண்டுவதால் குறைவதாகப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. பஸ் குமட்டலுக்குச் செய்த சோதனைகளில் முடிவு இப்படியும் அப்படியுமாக வந்திருக்கிறது. விரலால் அழுத்துவதில் ஆபத்து இல்லை. அழுத்திப் பாருங்கள். கூடவே முன்சீட்டில் உட்கார்ந்து, தூரத்து மலையைப் பாருங்கள். கண்ணும் காதும் ஒத்துப்போகும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

நாட்பட்ட இடுப்புவலி, அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி, அறுவை சிகிச்சைக்குப் பிறகான குமட்டல் போன்றவற்றுக்கு அக்குபங்சர் ஓரளவு உதவுகிறது என்று சோதனைகள் சொல்கின்றன. நன்றாகப் பயிற்சி பெற்றவர், கண்முன்னே உறை பிரித்த, ஒரே தடவை பயன்படுத்தும் ஊசியால் செய்தால் ஆபத்து குறைவு.

ஆனால் கிருமியை ஊசியின் சுருக் கொல்லாது. காசநோய்க்கு மாத்திரைதான் மருந்து. டெங்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக் கவனிப்பு வேண்டும். இன்சுலின் சுரக்காத சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் போட்டே ஆக வேண்டும். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்கு ஓட வேண்டும். பாம்பு கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்கு. வயிற்றின் வலது அடிப்பக்கம் வலி கூடிக்கொண்டே போனால், ரெஸ்டனுக்கு நடந்ததுபோல, முதலில் அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்க வேண்டும். தொட்டே எல்லா நோயையும் தீர்த்துவிடுவேன், சாப்பிடுகிற மாத்திரையை எல்லாம் நிறுத்து என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். இந்த வார்த்தையை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சின்னப் பிள்ளைகள்தான். ஆனால் கேள்வி கேட்க வயது தடையில்லை. அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது ஒரு புது மருத்துவத்தைப் பற்றிப் பேசினால், அது எந்த நாட்டு மருத்துவமாக இருந்தாலும், மரியாதையாக இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் சரியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? செய்கிறவர் முறையாகப் படித்தவரா? இதற்காக நடக்கிற வேறு சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார்களா? பதில் தெரியாவிட்டால் குடும்ப மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். தாத்தா பாட்டிக்கும் இந்தக் கேள்விகளைச் சொல்லிக்கொடுங்கள்.